கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் தொட்டி



கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாரிலோ பிறந்து, பிழைப்பின் நிமித்தம் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூரு என்று குடிபெயர்ந்த நம்மில் அநேகர், பள்ளிப் பருவம் முடியும் வரையில் கடலைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பாரதப்புழை பொன்னானியில் கடலோடு சேருகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு நம் கடலறிவு முடிந்துபோயிற்று. மலம்புழைத் தோட்டத்துக்குப் போனால் மீன் வடிவக் கட்டடத்துக்குள் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்திருப்போம். ஆனால் நம் பிள்ளைகள் அப்படியல்ல. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தை மூன்று வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். வெள்ளைப் பட்டை போட்ட அந்த ஆரஞ்சு நிற மீனைச் சுட்டிக்காட்டி, "எனக்கு இதுதான் வேண்டும்" என்கிறார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். அண்ணனின் வீடு கொழிஞ்சாம்பாறைக்கு அருகில். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நகரத்திலிருந்து இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றும், ஒரு பொட்டலம் கடல் உப்பும், மூன்று கோமாளி மீன்களும் வாங்கிச் சென்றேன். கிணற்று நீரை நிரப்பி, உப்பைக் கரைத்து, அன்று சாயங்காலமே மீன்களை விட்டோம். "இன்றைக்கே விடலாம், ஒன்றும் ஆகாது" என்று விற்றவர் சொல்லியிருந்தார். நானும் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. நான்காம் நாள் ஒன்று செத்து மிதந்தது. ஆறாம் நாள் மற்ற இரண்டும் தொட்டியின் அடியில் வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று இரவே அவையும் போய்விட்டன. பிள்ளை அழவில்லை. "சித்தப்பா, நாம் கொண்டுவராமல் இருந்திருந்தால் இது உயிரோடு இருந்திருக்குமா?" என்று மாத்திரம் கேட்டாள்.

இருந்திருக்கும் என்பதே உண்மையான பதில். அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அதன் பிறகுதான் இந்தக் காரியத்தைப் பற்றிப் படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். கடல்நீர்த் தொட்டி ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும் என்று சென்ற சில மாதங்களில் நம் வாசகர்கள் சிலரும் கேட்டிருப்பதால், தவறிய வழியையும் தவறாத வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது, அந்த மீன்கள் ஏன் செத்தன? உப்பு குறைந்ததாலும் அல்ல, நோயினாலும் அல்ல. அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்தன. மீன் தன் செவுள் வழியாய் அம்மோனியாவை இடைவிடாமல் நீருக்குள் விடுகிறது. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியாவே பிறக்கும். கடலில் அது கணக்கற்ற நீரில் கரைந்துபோகும். ஐம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? மணலிலும் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. இன்னொருவகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவுக்குத் தீங்கற்றது. வாரந்தோறும் கொஞ்சம் நீரை மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இரண்டும் இல்லை. அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாங்கள் ஆறு மணி நேரங்கூடக் காத்திருக்கவில்லை.

தங்கமீன் வளர்த்துப் பழகியவர்கள், "எங்கள் வீட்டில் அன்றைக்கே விட்டோம், பிழைத்ததே" என்பார்கள். நன்னீரை விடக் கடல்நீர் காரத்தன்மை மிகுந்தது, அதன் பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை. காரம் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறுகிறது. அதோடு, வெதுவெதுப்பான உப்புநீரில் குளிர்ந்த நன்னீரை விடப் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆகையால் அங்கே பிழைத்தது இங்கே பிழைப்பதில்லை.

இந்த வித்தை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆனா தின் என்னும் அம்மையார், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் குருவானவர் ஒருவரின் மனைவி, டார்க்கே கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனிலிருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மின்சாரமும் இல்லை, காற்றுப் பம்பும் இல்லை. வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றுவாளாம். நாள்தோறும் அரை மணி, முக்கால் மணி நேரம். நாம் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோகும் வேலை அது. பின்னர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர், லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853-இல் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தார். 1854-இல் கடல் தொட்டியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வீடுதோறும் கடல் தொட்டி வைக்கும் ஆசையைப் பற்றவைத்தது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் அக்காலத்திலேயே வெளியிட்டார். கடலுக்குத் தூரமாய் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது அவர்தாம். காஸ், பிரதரன் சபையைச் சேர்ந்த விசுவாசி, பிரசங்கியார். இதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. புத்தகத்தைப் படித்த ஜனங்கள் கூடை கூடையாய்க் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குளங்களில் இருந்த கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் பெயர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கரைகள் வெறுமையாகிப் போயின. அதைக் கண்டு தம் தகப்பனார் மிகவும் மனம் நொந்தார் என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். கடலின் அழகைப் பிறர் காண வேண்டும் என்று எழுதியவர் அவர். இதை நான் படித்தபோது அண்ணன் மகளின் கேள்விதான் என் நினைவுக்கு வந்தது.

ஆகையால் கல்லிலிருந்து தொடங்குவோம். கடல் தொட்டிப் படங்களில் எல்லாம் பவளமும் ‘உயிர்ப்பாறை’ என்று சொல்லப்படும் கல்லும் தவறாமல் இருக்கும். நம் தேசத்தில் அவற்றைத் தேடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறையை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 2001-இல் சேர்க்கப்பட்டன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்ட பின்பும் பவளத்துக்கு உரிய பாதுகாப்பு நீடிக்கிறது. உயிருள்ளது மாத்திரம் அல்ல, செத்து வெளுத்த பவளத் துண்டை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றமே. இராமேசுவரத்துக்குச் சுற்றுலா போய்க் கரையில் கிடந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் காரணமின்றி வரவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டு காலம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்து, வள்ளம் வள்ளமாய்க் கரைசேர்த்தார்கள். அலையைத் தடுத்துநின்ற பாறை போனபின் தீவுகள் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு அரிக்கப்பட்டு மிகவும் சுருங்கிப்போயிற்று.

கல் இல்லாமல் தொட்டி வைக்க முடியாதா என்றால், முடியும். சுட்ட மண் ஓடு, உடைந்த பூந்தொட்டி, துளைகள் நிறைந்த பீங்கான் வளையங்கள், நன்றாய் ஊறவைத்துக் காரம் போக்கிய சிமெண்டுக் கல் ஆகியவை போதும். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம். அது பவளமா ஓடா என்று அவை பார்ப்பதில்லை. எங்கள் இரண்டாம் தொட்டியில் இருப்பது அண்ணன் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய ஓட்டுத் துண்டுகள்தாம்.

அடுத்து தொட்டியின் அளவு. ‘முதல் தொட்டிதானே, சிறிதாய் வாங்குவோம்’ என்று தோன்றும். இது தலைகீழான எண்ணம். நீர் குறைவாய் இருந்தால் சூடும் உப்பும் கழிவும் நொடிப்பொழுதில் ஏறியிறங்கும். மூன்றடி நீளம், ஒன்றேகாலடி உயரம், ஓரடி அகலம் உள்ள தொட்டியில் சுமார் நூறு லிட்டர் நீர் கொள்ளும். புதியவர்களுக்கு அதுவே சிறிய தொட்டி. அதற்குக் குறைந்தால் கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து அது நூற்றைம்பது கிலோவை நெருங்கும். நகரத்தில் மாடிவீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சுவரை ஒட்டிச் சமதளமான இரும்பு நிலையில் வையுங்கள். ஜன்னல் வெயில் விழும் இடம் வேண்டாம்; பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

இனி நீர். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் இன்னும் பலவும் உண்டு. கடைகளில் ‘கடல் தொட்டி உப்பு’ என்றே கேட்டு வாங்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ, கொஞ்சம் கூடவே ஆகும். கரைத்தபின் ஹைட்ரோமீட்டரிலோ ரிஃப்ராக்டோமீட்டரிலோ பார்த்தால் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026-க்குள் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். செம்பு அண்டாவோ பித்தளைக் குடமோ வேண்டவே வேண்டாம். உப்புநீரில் கரையும் செம்பு கொஞ்சமானாலும் இறாலையும் நண்டையும் கொன்றுவிடும். மீன் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேரடியாய்க் கொட்டுகிறவர்களும் உண்டு. முதல்நாளே வாளியில் கரைத்து, காற்றுக்குழாய் போட்டு வைத்திருந்து, மறுநாள் ஊற்றுவதே சரி.

எந்த நீரில் கரைப்பது என்பதில்தான் நம் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது. சித்தூர் தாலுகா கிழக்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சில இடங்களில் ஃப்ளூரைடும் மிகுதி. வயலுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் கிணற்றில் இறங்கியிருக்கக்கூடும். அங்கே வீட்டு ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரே தகுந்தது. நகரங்களின் குழாய்நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்துவைத்துக் காற்றேற்றினால் அது போகும். ஆனால் சில ஊர்களில் கலக்கப்படும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்குத் தனி மருந்து விட வேண்டும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்து ஊற்று நீரும் மழைநீரும் மென்மையானவை. உப்புக் கலக்க அதைவிட நல்ல நீர் கிடைப்பது அரிது. தேயிலைக்கு மருந்தடிக்கும் சரிவிலிருந்து இறங்கும் ஓடை நீரை மாத்திரம் எடுக்காதீர்கள்.

பொன்னானிக்கோ கொச்சிக்கோ போய்க் கேன்களில் கடல்நீரையே பிடித்து வந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஆற்று முகத்துவாரத்தில் நீர் பிடித்தால் மழைக்காலத்தில் அது பாதி ஆற்று நீராகவே இருக்கும். துறைமுகம் அருகே என்றால் டீசல் மிதக்கும். உப்புப் பொட்டலத்தின் விலையைக் காட்டிலும் வண்டி வாடகை அதிகம். இந்த யோசனையை நான் கைவிட்டேன்.

இப்போது சூடும் குளிரும். கோமாளி மீனுக்கு ஏற்ற நீர் 24 முதல் 28 டிகிரி வரை. பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. மூடிய அறையில் தொட்டி நீர் 32, 33 என்று ஏறும். குளிரூட்டும் இயந்திரம் எல்லாராலும் வாங்கக்கூடியதல்ல. ஆனால் மேல்மூடியை எடுத்துவிட்டு, வலை ஒன்றைக் கட்டி, நீர்ப்பரப்பின்மேல் படும்படியாய்ச் சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால், நீர் ஆவியாகும்போதே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் வீட்டு மண்பானை செய்வதும் அதுவே. பாலக்காட்டுக் கணவாய் வழியாய் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் இது மிகவும் நன்றாய் வேலை செய்கிறது; இடவப்பாதி மழை தொடங்கிக் காற்றில் ஈரம் நிறைந்தபின் பலன் குறையும், ஆனால் அப்போது வெயிலும் குறைந்துவிடும்.

மூணாற்றில் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். தை மாதத்து விடியற்காலையில் பள்ளங்களில் உறைபனி படிகிறது. தோட்ட லயத்தில் வளர்ந்த என் மைத்துனர் அங்கே தாம் கட்டிய வீட்டில் தொட்டி வைத்தபோது ஹீட்டர் ஒன்று வாங்கினார். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. அந்தக் குளிருக்கு அது போதவில்லை. அவருக்கு நான் சொன்ன யோசனை, பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாய்ச் சிறியவை இரண்டு வையுங்கள் என்பது. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் தொட்டி கொதித்துப்போகாது. நீரை மாற்றும்போது ஹீட்டரின் செருகியைக் கழற்றிவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்தால் வெடிக்கும். உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் கையை விடுகிறோம் என்பதை மறக்கலாகாது. மலையில் காற்றுமழைக் காலத்தில் மின்சாரம் ஒரு பகல் முழுதும் போய்விடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் சுற்றிக் கம்பளியைச் சுற்றிவிட்டால் சூடு மெதுவாகவே இறங்கும்.

நீர் தயார், சூடு சரி. இப்போதும் மீன் வாங்கப் போகாதீர்கள். வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு சிறு இறால் துண்டைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரட்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. கடல்நீருக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்து சில நாள் அப்படியே நின்றால்தான் தொட்டி ஆயத்தம். எங்கள் இரண்டாம் தொட்டியில் இதற்கு 38 நாள் ஆயிற்று. அண்ணன் மகள் ஒரு நோட்டில் தினமும் எண்ணை எழுதி வைத்தாள். தினமும் மாலையில் பெருநகரத்திலிருந்த எனக்குத் தொலைபேசியில் அதை வாசித்தாள். மீன் இல்லாத தொட்டியைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்து, "தண்ணீரை ஏன் காவல் காக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். சீக்கிரம் முடிப்பதற்காக மலிவான டாம்சல் மீனை முதலில் விட்டு, அது தாங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அந்த மீன் உறுதியானது, பெரும்பாலும் சாகாது. ஆனால் நஞ்சில் ஒரு மாதம் அதைக் கிடத்துவதற்கு இறால் துண்டு போதுமே.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டே வாங்குங்கள். கடலில் பிடித்த மீனா, வளர்ப்பில் பிறந்த மீனா? பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் 1960-கள் முதல் பவளப் பாறைகளில் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை நடந்துவந்தது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் நன்றாய்த் தோன்றி வீட்டுக்கு வந்தபின் சாகும், பாறையும் சாகும். கோமாளி மீனுக்கு இந்தத் துன்பம் தேவையே இல்லை, ஏனெனில் அது தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்சம் நிலையங்களில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் விழிஞ்சத்தில் உள்ள ‘சாகரிகா’ காட்சிசாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வளர்ப்பு மீன் விலை கொஞ்சம் கூடுதல். எவ்வளவு என்று எழுதினால் இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும்.

நூறு லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். கடற்சாமந்தி இல்லாமலே அவை வாழும். ஓட்டின் மறைவையோ ஃபில்டரின் மூலையையோ தம் வீடாக்கிக்கொள்ளும். கூட ஓரிரு துறவி நண்டுகளும் ஒரு சுத்தம் செய்யும் இறாலும் விடலாம். ‘டோரி’ என்று பிள்ளைகள் கேட்கும் நீல மீன் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். ஓயாமல் நீந்தித் திரிவது. மூன்றடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை. மறுத்துவிடுங்கள். கோமாளி மீன் வளர்ப்பில் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்பதையும் முன்னதாகவே எண்ணிப்பாருங்கள். ஆறாம் வகுப்பில் கேட்ட பிள்ளை கல்லூரிக்குப் போனபின்பு தொட்டியைக் கழுவப்போவது யார்? எங்கள் வீட்டில் அது அண்ணி என்று எல்லாருக்கும் தெரியும், அண்ணியையும் சேர்த்து.

பையோடு கொண்டுவந்த மீனைத் திடீரென்று கொட்டாதீர்கள். கடல் மீனின் உடம்பிலுள்ள நீரை வெளியிலுள்ள உப்பு இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ஆகையால் அது கடல்நீரைக் குடித்துக்கொண்டும் உப்பை வெளியே தள்ளிக்கொண்டுமே வாழ்கிறது. உப்பின் அளவு சட்டென்று மாறினால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாய்ப் பையிலுள்ள நீரோடு ஒரு மணி நேரம் கலந்து, பிறகு மீனை மாத்திரம் வலையில் எடுத்து விடுங்கள்.

நித்திய வேலை அதிகம் இல்லை. ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு உணவு, நாளைக்கு இருமுறை. தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு கீறி வையுங்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகையால் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நன்னீரையே ஊற்ற வேண்டும். இந்த ஒரு காரியத்தில் தவறி, குறையக் குறைய உப்புநீரையே ஊற்றித் தொட்டியை உப்பளம் ஆக்கினவர்கள் பலர். வாரம் ஒருமுறை பத்து லிட்டரை எடுத்துவிட்டு, புதிதாய்க் கரைத்த பத்து லிட்டரை ஊற்றினால் போதும். எடுத்த நீரைச் சாக்கடையில் விடுங்கள். அண்ணன் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். இரண்டு வாரத்தில் செடி இல்லை.

வளர்க்க முடியாமல் போனால் மீனை ஆற்றிலோ அணையிலோ விடுவது இரக்கம் அல்ல. கடல் மீன் நன்னீரில் செத்துப்போகும். நன்னீர்த் தொட்டி மீனை விட்டாலோ, அது பிழைத்துப் பிறவற்றைத் தின்னும். 2018-ஆம் ஆண்டு பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா போன்ற தென் அமெரிக்க மீன்கள் வலையில் அகப்பட்டதை நாம் அறிவோம். விற்றவரிடமோ வளர்க்கும் வேறொருவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

கோமாளி மீன்களில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். எங்கள் ஜோடியில் பெரிய மீன் சென்ற மாசி மாதத்தில் ஓட்டின் உள்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்தது. பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. நோட்டும் இது மூன்றாவது. தகப்பன் மீன் இரவும் பகலும் அவற்றுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்ததென்றும், கையை விட்டால் ஓடிவந்து கடித்ததென்றும் சொன்னாள். முட்டைகள் நாளுக்கு நாள் கறுத்து, ஏழாம் நாள் அவற்றுக்குள் வெள்ளியாய்க் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் இருட்டினபின் பொரிந்தன. அவற்றுக்கு முதல் ஆகாரம் ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர். அதன்பின் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் ஆர்ட்டீமியாவின் குஞ்சுகள். எங்களிடம் இரண்டுமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை.

"சித்தப்பா, அடுத்த முறை முட்டை வைப்பதற்கு முன்னாலேயே ரோட்டிஃபர் வளர்க்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்றாள். மண்டபத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.